ஆராவமுதன் – கனி வழக்கப்படி

வாயைத் திறந்து வைத்துக்கொண்டு பேசாமல் இருப்பது மங்களேஸ்வரிக்குப் பழக்கமில்லாத வேலை. திறந்தால் பேசுவாள்; பேச ஒன்றுமில்லை என்றால் மூடிக்கொள்வாள், அதுவும் அபூர்வம்; நாற்பத்து நாலு வயது வரை அப்படித்தான் ஓடியது. இப்போது வடபழனியில், ஆற்காடு சாலையைப் பார்த்த முதல் மாடிப் பல் ஆஸ்பத்திரியில், கால் மேலே தலை கீழே என்று சாய்த்துவிட்ட நாற்காலியில், வலது பக்கக் கடைவாய்ப் பல்லில் ரூட் கேனால் செய்துகொள்ளக் கிடக்கிறாள். ஊசி போட்டாகிவிட்டது. ஊசியைப் பார்த்துவிடக் கூடாது என்று கண்ணை இறுக்கி மூடியிருந்தாள், ஆனால் பார்க்காத ஊசி பார்த்த ஊசியைவிட நீளம், அது ஈறைத் தாண்டி, தாடையைத் தாண்டி, காது வழியாக வெளியே வரப்போகிறது என்று தோன்றிக்கொண்டே இருந்தது. வரவில்லை. "அவ்ளோதான் மேடம், முடிஞ்சிருச்சு," என்றார் டாக்டர் சுபத்ரா. "இப்ப மரத்துப்போயிடும். வேலை நடக்கும்போது வலிச்சா இடது கையைத் தூக்குங்க. பேச வேணாம், தலையை ஆட்ட வேணாம், கை மட்டும்." கை மட்டும். சினிமாவுக்கு வசனம் எழுதிப் பிழைக்கிறவளிடம் வசனம் வேண்டாம், கை மட்டும் போதும் என்கிறார்கள். இதைக் கேட்டால் பெஸ்கி சிரிப்பார், வெளியே போனதும் சொல்ல வேண்டும் என்று நினைத்த அடுத்த நொடியே, பெஸ்கியிடம் சொல்ல இனி ஒன்றும் இல்லை என்று தான் முடிவு செய்திருந்தது நினைவுக்கு வந்தது. பதினாலு வருஷமாக ஏழு படங்களை இரண்டு பேருமாக உட்கார்ந்து எழுதியாகிவிட்டது. எட்டாவதோடு போதும். மும்பைக் கம்பெனி ஒன்று தொடர் எழுதக் கூப்பிடுகிறது. நான் தனியாகவே எழுதுகிறேன் என்று பதில் தட்டி செல்போனில் வைத்திருக்கிறாள், இன்னும் அனுப்பவில்லை, மதியம் ஒரு மணிக்குள் அனுப்ப வேண்டும். செல்போன் கைப்பையில் இருக்கிறது. கைப்பை வெளியே வரவேற்பறையில் பெஸ்கியின் மடியில் இருக்கிறது.

யாராவது இப்படிச் செய்வார்களா? யாரை விட்டுப் பிரியப்போகிறாளோ அவரிடமே பிரிவு ஓலையைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்து படுத்திருக்கிறாள். யோசித்துக் கொடுக்கவில்லை, பழக்கம். ஆஸ்பத்திரியோ கோயிலோ தயாரிப்பாளர் வீட்டுக் கழிப்பறையோ, அவள் எங்கே உள்ளே போனாலும் பை பெஸ்கி கைக்குப் போகும், கை அதுவாகவே நீட்டிவிடும். இன்றைக்கு அவரைக் கூப்பிடக்கூட இல்லை. கணவர் ராஜாங்கம் வங்கி ஆடிட் என்று திருச்சிக்குப் போயிருக்கிறார், ஆட்டோ பிடித்துத் தனியாகப் போய்க்கொள்ளலாம் என்றுதான் இருந்தாள். ஒன்பதரைக்கு வாசலில் ஸ்கூட்டர் சத்தம். "ஊசியப் பாத்தா நீ கீழ விழுந்துருவ. அன்னைக்கு ரத்தம் குடுக்கப் போயி கட்டிலுக்கு அடியில கெடந்தவதான? ஏறு," என்றார். தூத்துக்குடிக்காரர், உப்புக் காற்றில் வளர்ந்த தொண்டை, தெருவே கேட்டது. அவளுடைய ஒன்பது நாள் மௌனத்தைப் பல்வலி என்று நம்பிக்கொண்டிருக்கிற மனிதர். தினம் காலையில் 'கிராம்பு வச்சியா' என்று ஒரு செய்தி அனுப்புவார், அதைப் பார்த்ததும் அவளுக்குப் பல்லும் வலிக்கும், மனசும் வலிக்கும். கிராம்பைப் பற்றிக் கேட்கத் தெரிந்தவருக்கு, அன்றைக்கு அந்தத் தயாரிப்பாளர் ஆபீசில் அவள் பக்கம் நின்று ஒரு வார்த்தை சொல்லத் தெரியவில்லையே. உதட்டில் சுருசுருவென்று வந்தது. பிறகு உதடே இல்லாமல் போயிற்று. நாக்கால் தொட்டுப் பார்த்தாள், வேறு யாருடைய உதட்டையோ தொடுகிற மாதிரி இருந்தது.

தலைக்கு மேலே வட்டமான வெள்ளை விளக்கு. கண்ணை மூடினாலும் உள்ளே அதன் வட்டம் கறுப்பாக மிதந்தது, கறுப்பு வெள்ளை, கறுப்பு வெள்ளை என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழும்பூர் பெண்கள் விடுதியின் தொலைக்காட்சிப் பெட்டி வந்துவிட்டது. அப்போது அவளுக்கு இருபத்து மூன்று. பரமக்குடியிலிருந்து வந்து ஒரு மருந்துக் கம்பெனியில் டைப் அடித்துக்கொண்டிருந்தாள், ஒரு வாரமாகக் காய்ச்சல், எல்லாரும் வேலைக்குப் போன பிறகு விடுதிக் கூடத்தில் தனியாகப் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்து மதியப் படம் பார்த்தாள். டைரக்டர் ஆராவமுதனின் பெயரைக்கூட அதற்கு முன்பு கேட்டதில்லை. ஒரு கோர்ட்டு குமாஸ்தா. முந்தின நாள்தான் அவன் மனைவியைத் தகனம் செய்திருக்கிறார்கள், மறுநாள் காலை வேலைக்கு வந்து நிற்கிறான். ஆறுதல் சொல்ல நீதிபதிக்கு வாய் வரவில்லை. என்ன செய்கிறார் என்றால், வேண்டுமென்றே மசிக்கூட்டைத் தட்டிக் கவிழ்த்துவிடுகிறார். குமாஸ்தா பதறிக்கொண்டு வந்து துடைக்கிறான், துடைத்தபடியே நீதிபதியைத் திட்ட ஆரம்பிக்கிறான், கண் தெரியலையா, கை எங்கே போகிறது, இருபது வருஷமாக உமக்கு மசி துடைப்பதே எனக்குப் பிழைப்பு என்று, திட்டத் திட்ட அழுகை வந்துவிடுகிறது, நீதிபதி தலையைக் குனிந்துகொண்டு அத்தனை திட்டையும் வாங்கிக்கொள்கிறார். சாவைப் பற்றி அந்தக் காட்சியில் ஒரு சொல் கிடையாது. மங்களேஸ்வரி போர்வைக்குள் தேம்பித் தேம்பி அழுதாள். இப்படி ஒரு காட்சியை ஒரு மனுஷன் எழுத முடியும் என்றால் நான் ஏன் மாத்திரைப் பெயர்களை டைப் அடித்துக்கொண்டிருக்கிறேன் என்று அன்று சாயங்காலம் தோன்றியதுதான், அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அதிலிருந்து வந்தது, இந்தப் பல் உட்பட, ராத்திரி பகல் இல்லாமல் எழுதும்போது தின்ற பர்பிகள் உட்பட. ஒரு மனுஷன் எழுதியது அல்ல அது என்பது அப்புறம்தான் தெரிந்தது. திரையில் பெயர் ஓடியபோது அவள் கவனிக்கவில்லை. கதை, வசனம்: ஆராவமுதன் – கனி. ஒரே வரி, ஒரே அளவு எழுத்து, நடுவில் ஒரு சின்னக் கோடு.

"இன்னும் கொஞ்சம் பெருசா திறங்க. ம், அப்படியே." எச்சில் உறிஞ்சும் குழாயை சிஸ்டர் வாயோரத்தில் மாட்டினார், அது வளவளவென்று பேச ஆரம்பித்தது. இதுவாவது பேசட்டும். ஆராவமுதனுக்குத் தனியாக எழுத வராது, அதை அவரே எல்லாரிடமும் சொல்லுவார், அதுதான் மங்களேஸ்வரிக்கு அவரிடம் தீராத பிரியம். முதல் ஒன்பது வருஷம் குலசேகரதாஸ். நாடகக் கம்பெனியில் வாத்தியாராக இருந்தவர், மூச்சு விடாமல் ஐந்து பக்கம் பேசுவார். இரண்டு பேரும் மெரினாவில் நடந்துகொண்டே எழுதுவார்களாம், தாஸ் முன்னால் பேசிக்கொண்டு போவார், ஆராவமுதன் பின்னாலேயே வேண்டாம் வேண்டாம் என்று கத்திக்கொண்டு போவார், சுண்டல் விற்கிறவர்கள் சண்டை என்று நினைத்து விலக்கிவிட ஓடி வருவார்கள். எட்டுப் படம். அப்புறம் ஒரு நாள் பிரிந்தார்கள், ஏன் என்று இரண்டு பேரும் சாகும் வரை சொல்லவில்லை. ஆராவமுதன் ஒரே ஒரு படம் தனியாக எழுதினார், இரண்டு வாரம் ஓடியது. பார்த்தவர்கள் என்ன குறை என்று கேட்டதற்கு, 'அதில் என்னை எதிர்த்துப் பேச ஆள் இல்லை, எல்லாப் பாத்திரமும் நான் சொன்னபடி கேட்டது' என்றார். அதன்பின் முகமது கனி வந்தார். தந்தி ஆபீசில் வேலை பார்த்தவர், ஊரார் எழுதிக் கொடுக்கிற துக்கத்தையும் சந்தோஷத்தையும் நாலு வார்த்தைக்குள் சுருக்கிச் சுருக்கிக் கை பழகியவர். கனி நடக்கமாட்டார், பேசமாட்டார், உட்கார்ந்திருப்பார். 'இருக்கட்டும்', 'எடுத்துருங்க', இந்த இரண்டுதான் அவர் வாயில் வரும். பதினேழு வருஷம், பதினொரு படம். தாஸ் இருந்தபோது வெட்டிக்கொண்டே இருந்த ஆராவமுதன், கனி வந்த பிறகு வாயாடியாகிப் போனார். எதிரில் இருக்கிறவரிடம் எது இல்லையோ அதை இவர் செய்தார், அவ்வளவுதான். எதிரில் யாரும் இல்லாவிட்டால்? இந்த இடத்தில்தான் ஒன்பது நாளாக அவளுக்கு மனசு முட்டி நிற்கிறது. பெஸ்கி சிரிக்க வைப்பார், அவள் சிரிப்பை அடக்குவாள். பெஸ்கி சுற்றி வளைப்பார், அவள் நேராகப் போவாள். பெஸ்கி இல்லாத அறையில் தான் எப்படி எழுதுவாள் என்று அவளுக்கே தெரியாது. பார்த்ததே இல்லை.

பெஸ்கி கிடைத்ததும் ஆராவமுதனால்தான். ஆழ்வார்பேட்டையில் திரைப்படச் சங்கம் ஒன்று ஞாயிறு காலைகளில் பழைய படம் போடும். அதே குமாஸ்தா படம். பாதியில் மின்சாரம் போய்விட்டது, சனம் முணுமுணுத்தபோது முன்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, கவலப்படாதீங்க, மிச்சத்த நான் சொல்லுதேன் என்று இருட்டில் வசனத்தை ஒப்பிக்க ஆரம்பித்தார். மூன்றாவது வரியிலேயே தப்பு. பின்வரிசையிலிருந்து மங்களேஸ்வரி திருத்தினாள். இல்லை என்றார். ஆமாம் என்றாள். மின்சாரம் வந்து படம் ஓடியது, அவள் சொன்னதுதான் சரி. வெளியே டீக்கடையில் வந்து நின்று அந்த ஆள் தோல்வியை ஒத்துக்கொண்டதோடு, தன் பையிலிருந்து ஒரு பழைய வாரப் பத்திரிகைப் பேட்டியின் நகலை எடுத்துக் கொடுத்தார். அதில்தான் அந்த வழக்கம் இருந்தது. ஆராவமுதன் முதலில் தாஸோடும் பிறகு கனியோடும் ஒரு காட்சியை எழுதி முடித்ததும், எழுதினவர் அதைத் திட்ட வேண்டும், எழுதாதவர் அதைக் காப்பாற்ற வேண்டும். தன் பிள்ளையைத் தானே குறை சொல்லணும், அடுத்தவன் வக்காலத்து வாங்கணும். வக்காலத்து வாங்கியும் காப்பாற்ற முடியாத காட்சி குப்பைக்குப் போய்விடும். படித்துவிட்டு, இப்படி ஒரு முறை இருந்தால் எந்தக் கூட்டாளிக்கும் அடுத்தவன்மேல் வன்மம் வராதே என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. "நாம செஞ்சு பாக்கலாமா?" என்று அந்த டீக்கடையிலேயே கேட்டவர் பெஸ்கி. அன்று முதல் ஏழு படத்திலும் இதே வழக்கம். தயாரிப்பாளர்களுக்குக் கதை சொல்லப் போனாலும் அங்கேயும் இதைச் செய்வார்கள், பழகினவர்கள் கச்சேரி கேட்கிற மாதிரி சாய்ந்து உட்கார்ந்து ரசிப்பார்கள்.

நாச்சியப்பன் பழகினவர் அல்ல. காரைக்குடிப் பக்கம், தயாரிப்பாளராக முதல் படம், ரொம்ப மரியாதையான மனுஷன், சொன்னதை அப்படியே நம்புகிறவர். எட்டாவது படத்தின் கதையை அவர் ஆபீசில் வைத்துப் படித்தார்கள். நடுவில் அந்த ரேஷன் கார்டு காட்சி. ஆறு வருஷமாக ஓடிப்போயிருந்த புருஷன் திரும்பி வந்து வாசலில் நிற்கிறான். மனைவி அழவில்லை, கேள்வி கேட்கவில்லை, உள்ளே போய் ரேஷன் கார்டை எடுத்து வந்து காட்டுகிறாள். உங்க பேரு இதுல இல்ல, எடுத்தாச்சு, மறுபடி சேக்கணும்னா பத்து மணிக்கு ஆபீஸ் தொறக்கும், வரிசையில நிக்கணும் என்கிறாள். படத்திலேயே மங்களேஸ்வரிக்கு உயிரான இடம் அது, அவள் எழுதியது. ஆகவே வழக்கப்படி அவள் திட்டினாள்: "இது ரொம்ப வறட்சியா இருக்கு சார். பொம்பள இப்படி ஆபீசர் மாதிரி பேசுவாளா?" சொல்லிவிட்டு பெஸ்கியைப் பார்த்தாள், இப்போது அவர் காப்பாற்ற வேண்டும். பெஸ்கி அவளை ஒரு மாதிரி பார்த்தார். தொண்டையைக் கனைத்தார். "ஆமா சார், கல்நெஞ்சுக்காரியா இருக்கா. சனத்துக்குப் பிடிக்காது," என்றார். அவளுக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. நாச்சியப்பன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "உங்க ரெண்டு பேருக்குமே பிடிக்கலன்னா அது எதுக்குங்க? எடுத்துருவோம்," என்று தாளில் குறுக்கே ஒரு கோடு போட்டார். அவ்வளவுதான், காட்சி போயிற்று. பெஸ்கி அடுத்த பக்கத்தைப் புரட்டினார். புதுத் தயாரிப்பாளருக்கு நல்ல பிள்ளையாக இருக்க ஆசைப்பட்டுவிட்டார் என்று அவள் நினைத்தாள். பதினாலு வருஷம் கழித்து ஒரு ஆள் இப்படித்தான் தெரியவருகிறார் என்று நினைத்தாள். ஸ்கூட்டரில் திரும்பும்போது அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

பல்லுக்குள் யந்திரம் இறங்கியது. வலி இல்லை, சத்தம்தான், மண்டைக்குள்ளேயே யாரோ கிணறு வெட்டுகிற சத்தம், வெளியே ஆற்காடு சாலையிலும் மெட்ரோவுக்காகத் தோண்டிக்கொண்டிருந்தார்கள், எது உள்ளே எது வெளியே என்று தெரியவில்லை. வலி இப்போது வரும், இப்போது வரும் என்று இடது கையை விரைப்பாக வைத்துக்கொண்டு, மனசைப் பிடித்து ரேஷன் கார்டில் கட்டிப்போட்டாள். அது என்னுடையது. எங்கிருந்து வந்தது என்றுகூடத் தெரியும், பரமக்குடியில் சித்தி வீட்டில், சித்தப்பா சிங்கப்பூர் போய் வராமலே இருந்தபோது, சித்தி கார்டை வைத்துக்கொண்டு, இந்தப் பேருக்கும் சேத்து சீனி வாங்கிக்கிட்டிருக்கேன் என்று சிரித்தாள். ஆனால் சித்தி பெயரை எடுக்கவில்லையே. எடுக்கவே இல்லை, கடைசிவரை அந்தப் பெயர் கார்டில் இருந்தது. பெயரை எடுத்தது யார்? பெயரை எடுத்ததற்காக அழுதது யார்? அது பெஸ்கியின் அம்மா. பெஸ்கியின் அக்காவுக்குக் கல்யாணமாகி, ரேஷன் கார்டில் பெயர் நீக்கிக்கொண்டு வந்த அன்று, கல்யாணத்தன்றுகூட அழாத அம்மா அந்தக் கார்டைப் பார்த்து அழுதாளாம். பெஸ்கி இதை எப்போது சொன்னார்? எழுதின அன்றைக்கேவா, அதற்கு முன்னாலா? சாலிகிராமம் அறை, மழை, ஜன்னல் கதவு அடித்துக்கொண்டே இருந்தது, அதில் ஒரு செருப்பைச் செருகி வைத்தார்கள். எழுதியது அவள் கைதான், ஆனால் எப்போதும் எழுதுவது அவள் கைதான், பெஸ்கியின் கையெழுத்து பெஸ்கிக்கே புரியாது. வாய் யாருடையது? 'பத்து மணிக்கு ஆபீஸ் தொறக்கும்' என்று முதலில் சொன்ன குரல் யாருடையது? கேட்டுப் பார்த்தாள். ஒரு தடவை தன் குரலில் கேட்டது. இன்னொரு தடவை தூத்துக்குடிக் குரலில் கேட்டது. இரண்டும் பொருத்தமாகத்தான் இருந்தது. அவளுடைய இடது கை மேலே போயிருந்தது. யந்திரம் நின்றது. "வலிக்குதா மேடம்?" என்றார் டாக்டர் பதறிப்போய். வலிக்கவில்லை என்று எப்படிச் சொல்வது, தலையை ஆட்டக் கூடாது, பேசக் கூடாது. கையைக் கீழே போட்டாள். "பயப்படாதீங்க, பாதி முடிஞ்சது," என்று யந்திரம் மறுபடி இறங்கியது.

பேட்டியின் கடைசியில் ஒரு வரி உண்டு. எத்தனையோ தடவை படித்தும் புரியாமல் இரண்டு பேரும் சண்டை போட்ட வரி. யார் எழுதினது என்பது மறந்துபோகிற வரைக்கும் சேர்ந்து எழுத வேண்டும், மறந்துபோன பிறகு இந்த வழக்கத்தில் ஒரு ஆபத்து இருக்கிறது, அதை நானும் தாஸும் ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்துகொண்டோம் என்கிறார் ஆராவமுதன். என்ன ஆபத்து என்று பத்திரிகைக்காரர் கேட்கவில்லை, கேட்காமல் அவருடைய பிடித்த உணவைக் கேட்டுவிட்டார். கர்வம் வந்துவிடும், அதுதான் ஆபத்து என்பாள் மங்களேஸ்வரி. சோம்பல் வந்துவிடும் என்பார் பெஸ்கி. இப்போது வாயைத் திறந்துகொண்டு கிடக்கும்போது அவளுக்கு அது புரிந்தது. எழுதினவர் திட்ட வேண்டும். இரண்டு பேருமே தாம்தான் எழுதினோம் என்று நினைத்துக்கொண்டால்? இரண்டு பேருமே திட்டுவார்கள். இரண்டு பேரும் அடுத்தவர் காப்பாற்றுவார் என்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள். கடவுளே, மெரினாவில் சுண்டல்காரர்கள் பார்க்க இப்படித்தான் ஒரு நாள் அவர்கள் பிரிந்தார்களா? உடனே பயம் வந்தது. இல்லை, இது அவள் பெஸ்கிக்காகத் தானே கட்டிக்கொள்கிற சமாதானம், கூட்டாளியை விட மனசில்லாமல் காரணம் தேடுகிறாள், வசனம் எழுதுகிறவளுக்குக் காரணம் எழுதத் தெரியாதா? அவர் நிஜமாகவே நாச்சியப்பனைப் பார்த்துப் பல்லிளித்திருந்தால்? அப்போது வெளியே செல்போன் அடித்தது. அவள் செல்போன். இரண்டாவது மணியிலேயே நின்றது. யாரோ எடுத்துவிட்டார்கள். அடைத்த கதவின் பின்னாலிருந்து பெஸ்கியின் பெருங்குரல், திக்கித் திக்கி இங்கிலீஷ். மும்பை. எழுந்து ஓடலாம் என்றால் வாய்க்குள் நாலு கை இருக்கிறது. பெஸ்கி பேசிக்கொண்டே இருந்தார், என்ன பேசினார் என்பது யந்திரச் சத்தத்தில் கேட்கவில்லை, சத்தம் மட்டும் வந்தது, ஐந்து நிமிஷம், ஏழு நிமிஷம். அவள் கண்ணோரத்திலிருந்து தண்ணீர் காதுக்குள் இறங்கியது, சிஸ்டர் பஞ்சால் துடைத்து, "அவ்ளோதான்மா, அவ்ளோதான்," என்றார்.

வெளியே வந்தபோது முகத்தில் பாதிதான் அவளுடையதாக இருந்தது. பெஸ்கி எழுந்து நின்றார், பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்திருந்தார், அவள் கண்ணைப் பார்க்காமல் பல்லைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். "விழலயே? நல்ல வேள. ஒக்காரு. மும்பையில இருந்து ஒரு பிள்ள பேசிச்சி. நீ தனியா எழுதுத மாதிரி இருந்தா இன்னைக்கே சொல்லணுமாம். எங்கிட்ட நீ சொல்லல, பரவாயில்ல, பல்வலியில எங்க சொல்லுவ." பையை அவள் கையில் கொடுத்தார். "நான் சொல்லிட்டேன். மங்களா எழுதினா ஆளு மூச்சு விடுத சத்தம் காயிதத்துல கேக்கும்னு சொன்னேன். மூச்சுக்கு இங்கிலீஷ் வந்துட்டு, மிச்சம் வரல, எப்படியோ சமாளிச்சேன். நான் கூட இருந்து எடஞ்சல் பண்ணதுக்கே ஏழு படம் எழுதியிருக்கா, தனியா விட்டா என்ன எழுதுவான்னு பாருங்கன்னேன். நல்லதுதான் மங்களா. ஆராவமுதனே ஒண்ணு தனியா எழுதினாருல்லா." அந்தப் படம் எத்தனை நாள் ஓடியது என்று இரண்டு பேருக்கும் தெரியும். தன்னை விட்டுப் போகிறவளுக்காக ஏழு நிமிஷம் தெரியாத பாஷையில் வக்காலத்து வாங்கியிருக்கிறார் இந்த மனுஷன், இவரையா பல்லிளித்தார் என்று நினைத்தேன் என்று மங்களேஸ்வரிக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. நன்றி என்று சொல்ல வாயைத் திறந்தாள், உதடு ஒத்துழைக்கவில்லை, எச்சில்தான் வழிந்தது. பெஸ்கி கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தார். அவள் மருந்துச் சீட்டைத் திருப்பி, வரவேற்பறைப் பெண்ணின் பேனாவைப் பிடுங்கி எழுதினாள்: ரேஷன் கார்டு சீன் யார் எழுதினது?

பெஸ்கி படித்தார். "இத இப்ப எதுக்குக் கேக்க? நாந்தான். எங்க அம்ம அழுததத்தான அப்படித் திருப்பிப் போட்டேன். அதனாலதான அன்னைக்குத் திட்டினேன்." குரல் இறங்கிற்று. "நீ காப்பாத்துவன்னு பாத்தா நீ எனக்கு முன்னாலயே திட்ட ஆரம்பிச்சிட்ட. சரி, மங்களாவுக்கே நெசமாப் பிடிக்கல போலன்னு நெனச்சேன். ராத்திரி ரெண்டு நாளு தூக்கமில்ல. உங்கிட்டக் கேக்கவும் கஷ்டமா இருந்துச்சு." மங்களேஸ்வரி சீட்டைப் பிடுங்கி, நான் எழுதினேன் என்று எழுதினாள். எழுதிவிட்டு, 'நான்' என்பதன் மேல் பேனாவை வைத்து நின்றாள், அடிக்கவும் இல்லை, விடவும் இல்லை. பெஸ்கி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் அது மெதுவாக ஏறியது, நெற்றியில் தொடங்கி வாய்க்கு வந்தது. "ஏ மங்களா," என்றார், "அப்ப அத ஒருத்தருமே காப்பாத்தலையா?" ஒரு பிள்ளையைத் திருவிழாவில் விட்டுவிட்டு, உன்கிட்ட இருக்குன்னு நெனச்சேன் என்று புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரை ஒருவர் பார்க்கிற பார்வைதான் அது. அவளுக்குச் சிரிப்பு வந்தது, பாதி முகம்தான் சிரித்தது, மற்றப் பாதி துக்கம் விசாரிக்க வந்த மாதிரி அப்படியே தொங்கியது, அதைப் பார்த்து பெஸ்கி சிரிக்க, காத்திருந்த நோயாளிகள் இரண்டு பேர் நகர்ந்து உட்கார்ந்தார்கள். ஆராவமுதனுக்கும் தாஸுக்கும் இது தெரிய எத்தனை வருஷம் ஆயிற்றோ, தெரிந்தபோது ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள முடிந்ததோ இல்லையோ, நமக்கு ஒன்பதே நாளில் தெரிந்துவிட்டது. அந்தப் பெரியவர் பத்திரிகைக்காரரிடம் அந்த ஒரு வரியைச் சொல்லிவிட்டுப் போனதால் தெரிந்தது. பார்த்தே இராத ஒரு மனுஷனுக்கு, இந்த ஆளைக் கொடுத்ததற்கும், இப்போது இரண்டாம் தடவை கொடுத்ததற்கும், அவள் மனசு கைகூப்பியது.

பையைத் திறந்து செல்போனை எடுத்தாள். மும்பைக்குத் தட்டி வைத்திருந்ததை பெஸ்கி பார்க்கும்படியே பிடித்துக்கொண்டு, 'தனியாகவே' என்பதை அழித்து, நாங்கள் இரண்டு பேர், இரண்டு பேராகத்தான் வருவோம், சம்மதமானால் சொல்லுங்கள் என்று மாற்றி அனுப்பிவிட்டாள். வேண்டாம் என்று சொன்னாலும் சொல்லட்டும். பெஸ்கி ஏதோ சொல்ல வந்தார், அவள் கையைக் காட்டி அடக்கிவிட்டு நாச்சியப்பன் எண்ணை அழுத்தினாள், படியில் இறங்கிக்கொண்டே. "சொல்லுங்கம்மா," என்றார் நாச்சியப்பன். அவள் பேசினாள், மரத்த வாயோடு, அந்தக் காட்சியை ஏன் நீக்கக் கூடாது என்று, அது வறட்சி இல்லை, அந்தப் பொம்பளை வரிசையில் நிற்கச் சொல்வதுதான் அவனை 'வா' என்று சொல்வது என்று, மூச்சு முட்டப் பேசினாள். "ஒண்ணுமே புரியலீங்களே, யாரு, மங்களேஸ்வரியம்மாவா?" பெஸ்கி குனிந்து போனுக்குள் கத்தினார், "சார், அவ சொல்லுததுதான் சரி, அந்த ரேஷன் கார்டு சீனு இல்லன்னா படமே இல்ல, அன்னைக்குத் திட்டுனது ஒரு வழக்கத்துக்கு சார்," அவரை முடிக்கவிடாமல் அவள் மறுபடி நுழைந்தாள், அவள் நிறுத்துமுன் அவர் நுழைந்தார், ஆற்காடு சாலையில் மண்ணைத் தோண்டுகிற சத்தத்துக்கு மேலே இரண்டு பேரும் ஒரே காட்சிக்காக ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். "ஐயா, அம்மா, ரெண்டு பேருல யாராச்சும் ஒருத்தர் பேசுங்க, எனக்கு விளங்கல," என்று மறுமுனையில் நாச்சியப்பன் கெஞ்சினார். இரண்டு பேரும் நிறுத்தவில்லை.